ஊதியம் இந்தியாவில், உறைவிடம் அயல்நாட்டில்: தொலைநிலைப் பணி விசாவைக் கற்போம்

பெருந்தொற்றுக் காலத்தில் அலுவலகம் வீட்டுக்குள் வந்து அமர்ந்தது. பணி செய்ய ஒரு மடிக்கணினியும் தடையற்ற இணையமும் போதும் என்பது உறுதியானபின், அந்த வீடு எந்த ஊரில் இருந்தால் என்ன என்ற எண்ணம் பலருக்குத் தோன்றியது. சிலர் பெருநகரை விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பினர். வேறு சிலர் கடல் கடந்து சில காலம் வாழ்ந்து பார்க்க விழைகின்றனர்.

அத்தகைய வாடிக்கையாளர்கள் வங்கிக் கிளையில் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர். "நான் வேலையை விடவில்லை, சம்பளம் அதே கணக்கில்தான் வருகிறது, இருக்கும் இடம் மட்டுமே மாறுகிறது. இதில் வங்கிக்குத் தெரிவிக்க என்ன இருக்கிறது?" கேள்வி எளிது; விடை அவ்வளவு எளிதன்று. ஒருவர் ஓராண்டு அயல்நாட்டில் தங்கும்போது அவரை மூன்று சட்டங்கள் மூன்று கோணங்களில் நோக்குகின்றன. அவர் செல்லும் நாட்டின் குடிவரவுச் சட்டம் ஒன்று. வருமான வரிச் சட்டம் மற்றொன்று. நமது நாட்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமா மூன்றாவது. ஒரு சட்டத்தின்படி செய்தது சரியாக இருப்பதால் மற்ற இரண்டிலும் சரி என்று கொள்ள இயலாது. இந்த மூன்றையும் வரிசையாகப் பயில்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. இந்த விசா எதற்காகப் பிறந்தது?

பழைய விசா முறையில் பெரும்பாலும் இரு வாயில்களே இருந்தன. ஒன்று சுற்றுலா, அதில் தங்கலாம், உழைத்து ஊதியம் ஈட்டலாகாது. மற்றொன்று வேலைவாய்ப்பு; அதற்கு அந்நாட்டு நிறுவனம் ஒன்று நம்மை அழைக்க வேண்டும். அயல்நாட்டில் அமர்ந்துகொண்டு தாய்நாட்டு நிறுவனத்துக்குப் பணி செய்பவர் இவ்விரண்டிலும் அடங்குவதில்லை. அவருக்கெனத் திறக்கப்பட்ட மூன்றாவது வாயிலே தொலைநிலைப் பணி விசா. 'டிஜிட்டல் நாடோடி விசா' என்ற பெயரும் இதற்கு உண்டு.

பார்படோஸ் 2020 ஜூலையில் 'வெல்கம் ஸ்டாம்ப்' என்ற பெயரில் 12 மாத அனுமதியை அறிமுகம் செய்தது. எஸ்தோனியா 2020 ஆகஸ்ட் 1 முதல் இதற்கெனத் தனி விசா வழங்கத் தொடங்கியது. குரோஷியா 2021 ஜனவரியிலும், மலேசியாவும் போர்ச்சுகலும் 2022 அக்டோபரிலும் தொடர்ந்தன. ஸ்பெயின் தனது 28/2022 என்ற சட்டத்தின் வாயிலாக 2023 முதல் இதனை நடைமுறைப்படுத்தியது. தாய்லாந்து 2024 ஜூலையில் ஐந்தாண்டு செல்லுபடியாகும் 'டெஸ்டினேஷன் தாய்லாந்து விசா'வைக் கொணர்ந்தது.

இந்நாடுகளின் நோக்கம் வெளிப்படையானது. வருபவர் வீட்டு வாடகை தருவார், கடைகளில் பொருள் வாங்குவார், உள்ளூரில் செலவு செய்வார். ஆயினும் உள்ளூர் மக்களின் வேலையைப் பறிக்க மாட்டார். இந்த நோக்கத்தைப் புரிந்துகொண்டால் நிபந்தனைகளின் பொருளும் விளங்கும். ஊதியம் தரும் நிறுவனம் அந்நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது ஏறத்தாழ எல்லா நாடுகளுக்கும் பொதுவான விதி. ஸ்பெயினில் சுயதொழில் புரிவோர் தம் மொத்தத் தொழிற்பணியில் 20 விழுக்காடு வரை மட்டுமே ஸ்பானிய நிறுவனங்களுக்குச் செய்யலாம். போதிய வருமானம் வேண்டும் என்பதும் இதே நோக்கத்திலிருந்து பிறந்ததே.

இங்கு இரு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, எல்லா நாட்டின் வாயிலும் இந்தியக் கடவுச்சீட்டுக்குத் திறப்பதில்லை. ஜப்பான் 2024 மார்ச் இறுதியில் ஆறு மாத அனுமதி ஒன்றைத் தொடங்கியது. ஆண்டு வருமானம் ஒரு கோடி யென் இருக்க வேண்டும். ஆனால் அது குறிப்பிட்ட சில நாடுகளின் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. அப்பட்டியலில் இந்தியா இல்லை. வருமானம் இருந்தும் விண்ணப்பிக்க இயலாது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியது குடியுரிமைத் தகுதியை. அதன் பின்னரே வருமான வரம்பை. இரண்டாவது, சில நாடுகள் இந்தியர்களுக்கு விசா இன்றியே குறுகிய காலம் தங்க அனுமதி தருகின்றன. அது சுற்றிப் பார்க்கத் தரும் அனுமதி. அதை நம்பி மாதக்கணக்கில் பணி செய்வது அந்நாட்டுச் சட்டத்தை மீறுவதாகக் கொள்ளப்படலாம். ஒருமுறை நாடு கடத்தப்பட்டவர், பின்னாளில் எந்த விசாவுக்கு விண்ணப்பித்தாலும் அதனைத் தெரிவிக்க நேரிடும்.

2. வருமான வரம்பு: ஒரு கணக்கு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். புனே நகரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரியும் பெண்மணி ஒருவர். பிடித்தங்களுக்கு முன் மாத ஊதியம் 2,50,000 ரூபாய். வருமான வரி, வருங்கால வைப்பு நிதி ஆகியவை போகக் கணக்கில் வரவாவது 1,95,000 ரூபாய் என்று கொள்வோம். கணக்கின் எளிமைக்காக ஒரு டாலர் 90 ரூபாய், ஒரு யூரோ 100 ரூபாய் என வைத்துக்கொள்வோம்.

மலேசியாவின் 'டி ரந்தாவ்' அனுமதிக்குத் தகவல் தொழில்நுட்பத் துறையினர் ஆண்டுக்கு 24,000 டாலருக்கு மேல் ஈட்ட வேண்டும். அது 21,60,000 ரூபாய், மாதத்துக்கு 1,80,000. நமது எடுத்துக்காட்டில் உள்ளவர் இதனைக் கடந்துவிடுகிறார். அதே அனுமதிக்குத் தொழில்நுட்பம் சாராத துறையினருக்கு உள்ள வரம்பு 60,000 டாலர், அதாவது 54,00,000 ரூபாய். பதவிப் பெயர் எந்தப் பிரிவில் அடங்குகிறது என்பதைப் பொறுத்து வரம்பு இரண்டரை மடங்காகிறது என்பதைக் கவனிக்க.

துபாயின் தொலைநிலைப் பணித் திட்டம் மாதம் 3,500 டாலர் கேட்கிறது; அது 3,15,000 ரூபாய். ஸ்பெயின் தனது குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இருமடங்கு கேட்கிறது. 2025ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாதம் சுமார் 2,763 யூரோ, அதாவது 2,76,300 ரூபாய். உடன் வரும் முதல் குடும்ப உறுப்பினருக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் 75 விழுக்காடும், அடுத்த ஒவ்வொருவருக்கும் 25 விழுக்காடும் கூடுதலாகக் காட்ட வேண்டும். போர்ச்சுகல் கேட்பது குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் நான்கு மடங்கு; 2025இல் 870 யூரோவாக இருந்த ஊதியத்தின்படி 3,480 யூரோ, அதாவது 3,48,000 ரூபாய். எஸ்தோனியாவின் வரம்பு மாதம் 4,500 யூரோ, ரூபாயில் 4,50,000.

தாய்லாந்தின் வழி வேறு. அங்கு முதன்மையாகக் காட்ட வேண்டியது கையிருப்பு: 5,00,000 பாட். ஒரு பாட் 2.80 ரூபாய் எனக் கொண்டால் 14,00,000 ரூபாய்.

ஆக, இரண்டரை இலட்சம் ரூபாய் ஊதியம் பெறுபவருக்கும் மேற்கண்டவற்றுள் ஐரோப்பிய நாடுகள் மூன்றும் துபாயும் எட்டவில்லை, மலேசியா எட்டுகிறது, சேமிப்பு இருப்பின் தாய்லாந்தும் எட்டும். விண்ணப்பக் கட்டணம் செலுத்தும் முன்பே இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் வீண்செலவைத் தவிர்க்கலாம்.

இக்கணக்கிலிருந்து மூன்று பாடங்களை நாம் பெறுகிறோம். முதலாவது, வரம்பு பிடித்தத்துக்கு முந்தைய ஊதியத்துக்கா, கையில் வரும் ஊதியத்துக்கா என்பதை அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வ அறிவிப்பில் படித்தறிய வேண்டும். எஸ்தோனியா வரிக்கு முந்தைய தொகையைக் கணக்கில் கொள்கிறது. இரண்டாவது, குறைந்தபட்ச ஊதியத்தோடு பிணைக்கப்பட்ட வரம்புகள் அவ்வூதியம் உயரும்போதெல்லாம் தாமும் உயரும். சென்ற ஆண்டுத் தொகையை நம்பி விண்ணப்பிக்கலாகாது. மூன்றாவது, செலாவணி மாற்று விகிதம். யூரோ 90 ரூபாயிலிருந்து 100 ரூபாய்க்குச் சென்றால், 3,480 யூரோ வரம்பு ரூபாய்க் கணக்கில் 34,800 உயர்ந்துவிடும். நமது ஊதியமோ உயர்ந்திருக்காது. எனவே வரம்பைத் தொட்டு நிற்கும் வருமானம் போதாது. பத்து முதல் பதினைந்து விழுக்காடு கூடுதலாக இருந்தால்தான் மனம் அமைதி கொள்ளலாம்.

3. ஆவணங்கள்: பெயரும் எண்ணும் பொருந்துக

கேட்கப்படும் ஆவணங்கள் நாட்டுக்கு நாடு மாறினும் அடிப்படை ஒன்றே: செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, பணி ஒப்பந்தம், நிறுவனத்தின் அனுமதிக் கடிதம், ஊதியச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவக் காப்பீடு, காவல்துறை நற்சான்று, சில நாடுகளில் பட்டச் சான்றிதழ்.

இவற்றுள் முதலில் பெற வேண்டியது நிறுவனத்தின் எழுத்துபூர்வமான இசைவு. வீட்டிலிருந்து பணி செய்யலாம் என்னும் பொதுவான அனுமதி, அயல்நாட்டிலிருந்து பணி செய்யலாம் என்று பொருள்படாது. பணியாளர் ஒருவர் வேறு நாட்டில் நெடுநாள் அமர்ந்து பணி செய்தால், நிறுவனத்துக்கே அந்நாட்டில் வரிப் பொறுப்பு உண்டாகக் கூடும். தரவுப் பாதுகாப்பு விதிகளும் குறுக்கிடும். ஆகவே இசைவு தருவதற்கு முன் நிறுவனங்கள் தயங்குவது இயல்பே. கடிதத்தில் பதவி, ஊதியம், பணியில் சேர்ந்த நாள், எந்த நாட்டிலிருந்து எவ்வளவு காலம் பணி செய்யலாம் என்பவை தெளிவாக இடம்பெற வேண்டும். ஸ்பெயினுக்கு விண்ணப்பிப்பவர், தம் நிறுவனம் ஓராண்டுக்குக் குறையாமல் இயங்கி வருவதையும், தாம் அதில் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் பணியாற்றி வருவதையும் மெய்ப்பிக்க வேண்டும். பட்டப் படிப்போ மூன்றாண்டு அனுபவமோ காட்ட வேண்டும்.

அடுத்தது சமூகப் பாதுகாப்பு. பணியாளர் தாய்நாட்டில் வருங்கால வைப்பு நிதி செலுத்துவதை ஏற்று, தங்கும் நாடு தன் பங்களிப்பைக் கேட்காமல் விடுவதற்கு இருநாட்டு உடன்படிக்கை வேண்டும். போர்ச்சுகலோடு இந்தியாவுக்கு அத்தகைய உடன்படிக்கை 2017 முதல் நடைமுறையில் உள்ளது. உடன்படிக்கை உள்ள நாடுகளுக்குரிய காப்புறுதிச் சான்றினை ஊழியர் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் வழங்குகிறது.

சான்றிதழ்களின் மெய்த்தன்மையை மெய்ப்பிக்க 'அப்போஸ்டில்' முத்திரை தேவைப்படும். இது தொடர்பான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா 2005ஆம் ஆண்டு முதல் அங்கம் வகிக்கிறது. கல்விச் சான்றிதழாயின் முதலில் அது வழங்கப்பட்ட மாநிலத்தின் உரிய அதிகாரி சான்றளிக்க வேண்டும்; அதன்பின் வெளியுறவு அமைச்சகம் முத்திரையிடும். ஒருவர் பணிபுரிவது புனேயிலும் படித்தது கோயம்புத்தூரிலுமாயின், சான்றிதழ் தமிழ்நாட்டு அரசின் வழியாகவே செல்ல வேண்டும். இதற்கு உரிய காலத்தை ஒதுக்குக. ஸ்பெயின், போர்ச்சுகல், எஸ்தோனியா ஆகியவை இவ்வுடன்படிக்கையில் உள்ளவை. ஐக்கிய அரபு அமீரகம் இதில் இல்லை. அங்கே பயன்படுத்த வேண்டிய ஆவணத்துக்குத் தூதரகச் சான்றும் வேண்டும்.

வங்கி தரும் ஆவணங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இணையத்திலிருந்து இறக்கி அச்சிட்ட அறிக்கையைச் சில தூதரகங்கள் ஏற்பதில்லை. கிளையின் முத்திரையும் அதிகாரியின் கையொப்பமும் உள்ள அறிக்கை தேவைப்படலாம். இருப்புச் சான்றிதழ் வேறு, கணக்கு அறிக்கை வேறு: முன்னது ஒரு நாளின் இருப்பைச் சொல்கிறது; பின்னது பல மாத வரவு செலவைச் சொல்கிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அதிகாரி ஊதியச் சீட்டையும் கணக்கு அறிக்கையையும் அருகருகே வைத்துப் பார்ப்பார். சீட்டில் உள்ள நிகர ஊதியமும் கணக்கில் விழுந்த தொகையும் பொருந்த வேண்டும். கடவுச்சீட்டில் தந்தை பெயரோடு இருப்பதும், வங்கிக் கணக்கில் முதலெழுத்தோடு மட்டும் இருப்பதும் நம் பகுதியினருக்கு வழக்கமாக நேரும் சிக்கல். விண்ணப்பத்துக்கு முன்பே கே.ஒய்.சி. விவரங்களைப் புதுப்பித்து இரண்டையும் ஒன்றாக்கிக்கொள்வது நன்று.

இருப்பை உயர்த்திக் காட்ட உறவினரிடம் கைமாற்று வாங்கி விண்ணப்பத்துக்குச் சில நாள் முன்பு கணக்கில் செலுத்துவோர் உண்டு. அறிக்கையில் அத்தொகை தனித்துத் தெரியும். அதன் மூலத்தை விளக்கும்படி கேட்கப்படும். போலி அறிக்கை தயாரித்துத் தருவதாகவும், விசா உறுதி என்றும் கூறும் முகவர்களை அண்டவே வேண்டாம். போலி ஆவணம் கண்டறியப்பட்டால் அந்த விசாவோடு முடிவதில்லை. பல ஆண்டு நுழைவுத் தடையும் குற்ற வழக்கும் தொடரலாம். அப்போது தண்டனை ஏற்பவர் விண்ணப்பதாரரே.

4. வரி: ஓராண்டு வெளியே இருந்தும் உள்ளேயே இருப்பது எவ்வாறு?

இப்பாடத்தின் மிக நுட்பமான பகுதி இதுவே. "வெளிநாட்டில் ஓராண்டு இருந்தால் இந்திய வரி இல்லை" என்ற பேச்சு பரவலாக உள்ளது. அதனைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

வருமான வரிச் சட்டம் ஒருவர் இந்தியாவில் இருந்த நாட்களை ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டுக்கு எண்ணுகிறது. அவ்வாண்டில் 182 நாட்கள் அல்லது அதற்கு மேல் இருந்தால் அவர் இந்திய வசிப்பாளர். அதற்குக் குறைவாக இருந்தாலும், அவ்வாண்டில் 60 நாட்களும் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாட்களும் இருந்திருந்தால் அப்போதும் வசிப்பாளரே. அயல்நாட்டில் பணியேற்கும் பொருட்டு நாட்டை விட்டுச் செல்லும் குடிமகனுக்கு மட்டும் அவ்வாண்டில் 60 என்பது 182ஆகத் தளர்த்தப்படுகிறது. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்திலும் நாள் கணக்கின் அடிப்படை இதுவே.

நமது எடுத்துக்காட்டில் உள்ள பெண்மணி செப்டம்பர் முதல் நாள் கோலாலம்பூருக்குப் புறப்பட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று திரும்புகிறார். சரியாக ஓராண்டு. புறப்பட்ட நிதியாண்டில் அவர் ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31 என 153 நாட்களும், புறப்பட்ட நாளையும் சேர்த்தால் 154 நாட்களும் இந்தியாவில் இருந்தார். இது 182க்குக் குறைவு. ஆனால் 60க்கு மிகுதி. தளர்வு கிடைத்தால் அவர் வசிப்பாளர் அல்லர், கிடைக்காவிடில் வசிப்பாளர். அத்தளர்வோ அயல்நாட்டில் பணியேற்கச் செல்பவருக்கு உரியது. இந்திய நிறுவனத்தின் பழைய பணியையே வேறோர் இடத்திலிருந்து தொடர்பவருக்கு அது பொருந்துமா என்பதில் வரித்துறையோடு கருத்து வேறுபாடு எழ இடமுண்டு.

திரும்பிய நிதியாண்டைப் பார்ப்போம். செப்டம்பர் முதல் மார்ச் வரை 212 நாட்கள் அவர் இந்தியாவில் இருப்பார். ஐயத்துக்கு இடமின்றி வசிப்பாளரே. ஆக, முழுமையாக ஓராண்டு வெளியே இருந்தும், இரு நிதியாண்டுகளிலுமே அவர் இந்திய வசிப்பாளராகக் கருதப்படும் வாய்ப்பு உள்ளது. வசிப்பாளரின் உலகளாவிய வருமானம் முழுவதும் இங்கே வரிக்கு உட்பட்டது.

மறுபுறம், அவர் தங்கும் நாடும் தன் கணக்கை எண்ணிக்கொண்டிருக்கும். மலேசியாவில் ஒரு நாட்காட்டி ஆண்டில் 182 நாட்களும், தாய்லாந்தில் 180 நாட்களும், எஸ்தோனியாவில் தொடர்ச்சியான 12 மாதங்களில் 183 நாட்களும் தங்கினால் அங்கும் வரி வசிப்பாளராகும் நிலை உண்டு. தாய்லாந்து 2024 முதல், தன் வசிப்பாளர் ஈட்டும் அயல்நாட்டு வருமானத்தை நாட்டுக்குள் கொண்டுவரும்போது வரிக்கு உட்படுத்துகிறது. இரு நாடுகளும் ஒரே ஊதியத்துக்கு வரி கேட்கும் நிலையில் கைகொடுப்பது இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம். இப்பாடத்தில் வரி பற்றிப் பேசிய மலேசியா, தாய்லாந்து, எஸ்தோனியா மூன்றோடும் இந்தியாவுக்கு இவ்வொப்பந்தம் உண்டு. ஆனால் அதன் பயன் தானே வந்து சேராது. அங்கே வரி செலுத்திய சான்றும், தேவைப்படின் அந்நாட்டின் வரி வசிப்புச் சான்றும் பெற்று, இங்கே வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது உரிய படிவத்தில் கோர வேண்டும்.

வசிப்பாளர் அல்லாத நிலையை அடைந்தவருக்கும் ஒரு நுட்பம் உண்டு. அயல்நாட்டில் இருந்து செய்த பணிக்கான ஊதியமாயினும், அது முதன்முதலாக இந்தியக் கணக்கில் பெறப்பட்டால், பெறப்பட்ட இடம் இந்தியா என்ற அடிப்படையில் இங்கே வரிக்கு உட்படக்கூடும். மேலும், அயல்நாட்டு மூலங்கள் நீங்கலான வருமானம் 15 இலட்சம் ரூபாயைக் கடக்கும் இந்தியக் குடிமகன் வேறெந்த நாட்டிலும் வசிப்பின் அடிப்படையில் வரிக்கு உட்படாவிடில், அவரை இந்திய வசிப்பாளராகவே கருதும் விதி 2020-21ஆம் நிதியாண்டு முதல் உள்ளது. தனிநபர் வருமான வரி இல்லாத நாட்டைத் தேர்ந்தெடுப்போர் இவ்விதியை மறக்கலாகாது. புறப்படும் முன் ஒரு பட்டயக் கணக்காளரைக் கலந்து பேசுவதற்கு ஆகும் செலவு, பின்னாளில் வரும் அறிவிப்புக்கு விடை எழுதும் செலவைவிடக் குறைவே.

5. ஃபெமா: கணக்கின் பெயர் மாற வேண்டுமா?

வருமான வரிச் சட்டம் நாட்களை எண்ணுகிறது. ஃபெமா நாட்களோடு நோக்கத்தையும் கேட்கிறது. முந்தைய நிதியாண்டில் 182 நாட்களுக்கு மேல் இந்தியாவில் இருந்தவர் இந்தியாவில் வசிப்பவர். ஆயினும் அவர் வெளிநாட்டில் வேலை ஏற்கவோ, தொழில் புரியவோ, அல்லது எவ்வளவு காலம் என்று வரையறுக்க இயலாதபடி வெளியே தங்கும் எண்ணத்தைப் புலப்படுத்தும் சூழலிலோ சென்றால், நாட்டை விட்டுச் சென்றது முதலே அவர் வெளிநாட்டில் வசிப்பவராகிறார்.

இதனைத் தொலைநிலைப் பணியாளருக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆறு மாதம் தாய்லாந்தில் தங்கி, திரும்பும் நாளையும் உறுதி செய்துகொண்டு, இங்கே வீட்டையும் வேலையையும் வைத்திருப்பவரின் நோக்கம் தற்காலிகமானது. ஸ்பெயினில் ஓராண்டு தங்கி, அங்கேயே மூன்றாண்டு வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் எண்ணத்தோடு குடும்பத்தையும் அழைத்துச் செல்பவரின் நோக்கம் வேறு. முன்னவரின் கணக்கு இந்தியாவில் வசிப்பவர் கணக்காகத் தொடர இடமுண்டு. பின்னவர் அதனை வங்கிக்குத் தெரிவித்து, சேமிப்புக் கணக்கையும் வைப்புத் தொகைகளையும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். எந்த நிலை தமக்குப் பொருந்தும் என்பதைப் பணி ஒப்பந்தம், விசாவின் கால அளவு, குடும்பம் தங்கும் இடம் ஆகியவற்றோடு கிளை அதிகாரியிடம் பேசித் தெளிக.

என்.ஆர்.ஓ. கணக்கு இந்தியாவில் வரும் வாடகை, பங்காதாயம், ஊதியம் போன்றவற்றுக்கு உரியது. அதன் வட்டிக்கு 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் வரியும் பிடித்தம் செய்யப்படும். அதிலுள்ள இருப்பிலிருந்து, வரி செலுத்திய சான்றோடு, ஒரு நிதியாண்டில் பத்து இலட்சம் டாலர் வரை வெளியே கொண்டு செல்லலாம். என்.ஆர்.இ. கணக்கு அயல்நாட்டிலிருந்து அனுப்பும் பணத்துக்கு உரியது. அதன் வட்டிக்கு இங்கே வரியில்லை. முதலையும் வட்டியையும் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லலாம். ஏற்கெனவே உள்ள பி.பி.எஃப். கணக்கை முதிர்வு வரை தொடரலாம். நீட்டிக்கவோ புதிதாகத் தொடங்கவோ இயலாது.

தெரிவிக்காமல் விட்டால் என்ன? ஃபெமா விதிமீறலுக்கு, தொகையைக் கணக்கிட இயலுமாயின், அத்தொகையைப் போல் மூன்று மடங்கு வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. வரிச் சட்டத்தின்படி வசிப்பாளராகவும் ஃபெமாவின்படி வெளிநாட்டில் வசிப்பவராகவும் ஒருவர் ஒரே ஆண்டில் இருக்க முடியும் என்பதையும் நினைவில் கொள்க. இரு சட்டங்களையும் குழப்பிக்கொள்வதே இவ்விஷயத்தில் பெரும்பாலான சிக்கல்களின் வேர்.

6. பணம் செல்லும் வழி

இந்தியாவில் வசிப்பவராகத் தொடர்பவர், தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 இலட்சம் ரூபாய் வரை மூலத்தில் வரி வசூல் இல்லை. வாழ்க்கைச் செலவுக்கென அனுப்பும் தொகை அதனைக் கடந்தால், கடந்த தொகைக்கு 20 விழுக்காடு வசூலிக்கப்படும். மாதம் 1,00,000 ரூபாய் அனுப்புபவருக்கு ஓராண்டில் 12,00,000 ஆகிறது. மிகுதியான 2,00,000 ரூபாய்க்கு 40,000 ரூபாய் வசூலாகும். இது இழப்பன்று; வரிக் கணக்கு தாக்கலின்போது ஈடுசெய்யவோ திரும்பப் பெறவோ இயலும். ஆனால் அதுவரை அத்தொகை கையில் இராது என்பதை மாதச் செலவுத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். திட்டம் இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமே உரியது, என்.ஆர்.ஓ. கணக்குக்கு மாறியவர் இதனைப் பயன்படுத்த இயலாது.

7. புறப்படும் முன்: வீட்டில் இருப்போருக்காக

அயல்நாட்டில் தங்குபவரைவிட, இங்கே இருக்கும் முதிய பெற்றோரே சில வேளைகளில் அதிகம் இடர்ப்படுகின்றனர். மகனின் கணக்கிலிருந்து மருத்துவமனைக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் செல்ல வேண்டிய கைப்பேசி எண்ணோ செயலிழந்திருக்கும். ஆகவே இந்திய எண்ணுக்கு வெளிநாட்டு இணைப்பு வசதியைச் செயல்படுத்தி, தொடர்ந்து உயிர்ப்புடன் வைத்திருங்கள். உள்ளூர்ச் செலவுகளுக்காக நம்பகமான ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் வழங்கி, அதனைக் கிளையில் பதிவு செய்யுங்கள். வைப்புக் கணக்குகளில் வாரிசு நியமனத்தைச் சரிபாருங்கள்; 2025 நவம்பர் முதல் நால்வர் வரை நியமிக்கலாம். கடன் தவணைகள் பிடித்தமாகும் கணக்கு மாறுமாயின், பழைய உத்தரவை நிறுத்தும் முன் புதியதைத் தொடங்குங்கள். உங்கள் மருத்துவக் காப்பீடு இந்தியாவுக்கு வெளியே செல்லுமா என்பதைப் பத்திரத்தில் படித்தறியுங்கள்; பெரும்பாலானவை செல்வதில்லை.

நம்மை நாமே சோதிப்போம்

1. சுற்றுலா அனுமதியில் தங்கி இந்திய நிறுவனத்துக்குப் பணி செய்வது ஏன் சரியன்று? — ஊதியம் இந்தியாவிலிருந்து வந்தாலும், உழைப்பு நிகழ்வது அந்நாட்டு மண்ணில். அதற்கு உரிய அனுமதி வேண்டும்.

2. ஜூன் 1 அன்று புறப்பட்டு அடுத்த ஆண்டு மே 31 அன்று திரும்புபவர், புறப்பட்ட நிதியாண்டில் எத்தனை நாட்கள் இந்தியாவில் இருந்தார்? — ஏப்ரல் 30, மே 31, புறப்பட்ட நாள் 1 என 62 நாட்கள். 60 நாள் விதியை இரண்டே நாட்களில் தாண்டுகிறார். மே 28 அன்று புறப்பட்டிருந்தால், அந்நாளையும் சேர்த்து 58 நாட்களே. பயணச்சீட்டு எடுக்கும் முன் நாட்காட்டியைப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

3. வரிச் சட்டத்தின்படி வசிப்பாளராக உள்ளவர் கட்டாயம் சாதாரணச் சேமிப்புக் கணக்கே வைத்திருக்க வேண்டுமா? — இல்லை. கணக்கின் வகையை முடிவு செய்வது ஃபெமா. அதன் அளவுகோல் வேறு.

மூன்றுக்கும் தயங்காமல் விடை கூற முடிந்தவர், கடவுச்சீட்டு, பணி ஒப்பந்தம், ஆறு மாதக் கணக்கு அறிக்கை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு கிளைக்கு வரலாம். பயணத்துக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு வருவது உகந்தது. சான்றளிப்புக்கும் கணக்கு மாற்றத்துக்கும் அக்காலம் போதுமானதாக இருக்கும்.